கொரியாப் படத்துக்கு ஜாமீன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்தக் கார்டுகளைப் பிடிக்காது. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு படம். அதில் ஒரு கொரியாப் பையன், தலைமுடிக்கு ரோஸ் மில்க் நிறத்தில் சாயம் அடித்துக்கொண்டு, கன்னத்தில் விரலை ஊன்றிக்கொண்டு நிற்பான். அவன் என்ன பாடுகிறான் என்று கேட்டால் அதைச் சேர்க்கிற பிள்ளைகளுக்கே பாதி தெரியாது. ஆனால் அந்தப் படத்தின் முனை மடங்கிவிட்டால் எழவு வீடு தோற்றுப்போகிற மாதிரி அழுவார்கள்.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரில் என் ஸ்டுடியோ. வேதகிரி டிஜிட்டல்ஸ். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எல்லாவற்றுக்கும் படமும் பேனரும் நான்தான். சுற்றுவட்டாரத்தில் முகம் என்று ஒன்றை வைத்திருக்கிற எவனும் என் கைக்குத் தப்பியதில்லை. ஆகவே படத்தின் அருமை பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

ஆனால் கார்டு சேர்க்கிறாள் என்று சைமாவைப் பார்த்து இந்த ஊர் சிரித்ததே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சிரித்தவர்கள் யார்? தேர்தலில் நின்று சொந்தப் பெண்டாட்டியின் ஓட்டைக்கூட வாங்க முடியாதவன், தன் மூஞ்சியை ஆளுயரத்துக்கு என்னிடம் அச்சடித்து நாற்சந்தியில் கட்டியவன். நடிகனின் கட்டவுட்டுக்குப் பால் ஊற்ற ஏணி வைத்து ஏறிக் காலை உடைத்துக்கொண்டவன். இவர்களுக்கு அந்தப் பெண்ணின் சின்னப் படம் வேடிக்கையாகப் போய்விட்டது. ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை.

சைமா, கிதர் முகம்மது பாயின் மகள். பஜாரில் பாய்க்கு ஃபேன்சி ஸ்டோர். வளையல், ரிப்பன், பவுடர், பிளாஸ்டிக் குடம் வரைக்கும் கிடைக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் அந்தப் பெண் கடையில்தான் இருப்பாள். ஒரு டஜன் வளையலில் ஒன்று விரிசல் என்றால் அந்த டஜனையே விற்க விடமாட்டாள். "இது உடைஞ்சிகீது அத்தா" என்று வாங்க வந்தவளின் முன்னாலேயே சொல்லுவாள். பாய் அசடு வழிய வேறு எடுத்துக் கொடுப்பார். "இத்தப் பெத்ததுக்கு ஒரு போலீஸ்காரனப் பெத்திருக்கலாம்" என்று என்னிடம் வந்து புலம்புவார். கல்லாவில் உட்காரவேண்டிய மூத்த பிள்ளை அசீம் அந்த நேரத்தில் எங்கே இருப்பான் என்று அவரிடம் யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் டீக்கடை பெஞ்சுக்குத்தான் தெரியும்.

எங்கள் ஊரின் பெருமை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டாலும் இங்கே பேருந்தை விட்டு இறங்கினால் யாராவது பிடித்துவைத்துச் சொல்லிவிடுவார்கள். குடவோலை. சோழர் காலத்தில் ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்க ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள். யார் யார் பெயரைக் குடத்தில் போடக் கூடாது என்று வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டியும் வைத்திருக்கிறார்கள். அந்தச் சுவரை எங்கள் ஊரில் எவனும் படித்ததில்லை. அதன் எதிரில் நின்று செல்ஃபி மட்டும் எடுப்பான்.

வருடா வருடம் பள்ளி விழாவில் அதை நாடகமாகப் போடுவார்கள். படம் எடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆறாம் வகுப்பில் சைமாவுக்குக் குடம் பிடிக்கிற வேடம். கீழே போடமாட்டாள் என்று கொடுத்திருந்தார்கள். ஒத்திகையில் அவள் வாத்தியாரைக் கேட்டாள்: "சார், கணக்கு காட்டாதவன் பேரப் போடக் கூடாதுன்னா சரி. அவங்க மாமன், சித்தி புள்ள, தங்கச்சி வூட்டுக்காரு, அவங்க பேரையும் ஏன் சார் போடக் கூடாது? அவங்க இன்னா பண்ணாங்க?" வாத்தியார் சிறிது யோசித்து, "நீ குடத்த ஒழுங்காப் புடி" என்றார். இவர்தான் சமூக அறிவியல் சொல்லிக்கொடுத்தவர். நல்லாசிரியர் விருதுக்கு விண்ணப்பம் போட என்னிடம்தான் படம் எடுத்துக்கொண்டார்.

காஞ்சிபுரத்தில் பிசிஏ படிக்கும்போது சைமாவுக்கு மானாம்பதி இளவரசி கூட்டாளியானாள். கொரியாக்காரர்களும் அவள் மூலமாகத்தான் வந்தார்கள். அந்தப் பாட்டு ஆல்பத்தை வாங்கினால் உள்ளே ஒரு கார்டு இருக்கும். குழுவில் ஏழு பேர் என்றால் யாருடைய முகம் வரும் என்று பிரித்தால்தான் தெரியும். நமக்குப் பிடித்தவன் வராவிட்டால் இன்னொரு ஆல்பம் வாங்க வேண்டும், அல்லது அவன் முகம் கிடைத்தவளிடம் நம்மிடம் இருப்பதைக் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். நம் ஊர்த் திருவிழாவில் சுரண்டல் சீட்டு விற்கிறவனை ஏமாற்றுக்காரன் என்கிறோம். கோட்டு சூட்டு போட்டு அதையே செய்தால் கம்பெனி.

அப்படி மாற்றுவதெல்லாம் போனில்தான். முகம் தெரியாத யாரோ ஒருத்திக்குக் கூரியர் அனுப்ப வேண்டும், அவளும் அனுப்புவாள் என்று நம்பிக் காத்திருக்க வேண்டும். இளவரசி ஒருமுறை ஆசை ஆசையாகப் பிரித்தாள், உள்ளே பிஸ்கட் பாக்கெட்டு அட்டை. சைமா என் ஸ்டுடியோவுக்கு வந்து கல்யாண ஆல்பம் தைத்த மிச்ச அட்டையைக் கேட்பாள், கார்டு மடங்காமல் அனுப்புவதற்கு. நான் திட்டிக்கொண்டே கொடுப்பேன்.

அப்படி அவள் வந்திருந்த ஒரு சாயங்காலம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். என் கடை வாசலில் ஒருவன் பைக்கைப் போட்டுச் சாய்ந்துகொண்டு நின்றான். கூலிங் கிளாஸ். எண்ணெய் வழிகிற தலை. ஒன்பதாவது படிக்கிற மானாம்பதி பூஜா, கன்னியப்பன் மகள், அவளும் கார்டு சேர்க்கிறவள், யூனிஃபார்மோடு உள்ளே ஓடி வந்து சைமாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அந்த ஆளு கார்டு குடுக்க வந்துகிறாராம். போன்ல காலேஜ் அக்கான்னு சொல்லித்தான் மெசேஜ் போட்டுக்கினு இருந்தாரு. இப்ப வண்டில ஏறு, ரூம்ல கீதுன்றாரு."

சைமா நேராக வெளியே போனாள்.

"கார்டு எங்க?"

"நீ யாரு?"

"அந்தக் குரூப்புல எத்தினி பேரு, சொல்லு. ஒருத்தன் பேராவது சொல்லு."

அவன் கண்ணாடியைக் கழற்றினான். "இன்னா, அந்த வெள்ளக்காரனுங்கதான..." என்றான். நான் கேமரா ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் வண்டி திருப்புளிவனம் ரோட்டில் போய்விட்டது. வீரன்.

பிறகு கூட்டம் கூடியது. கூட்டத்துக்கு இங்கே எப்போதும் பஞ்சமில்லை, வேலை முடிந்தபிறகு வரும். விசாரித்தது, தலையை ஆட்டியது, தீர்ப்புச் சொன்னது. "பொட்டப் புள்ளைக்கு போனு எதுக்கு?" கன்னியப்பன் வந்து மகளின் போனைப் பிடுங்கிக்கொண்டு போனார். வண்டியில் வந்தவனை எவனும் தேடவில்லை. அவன் நம்பரைக் கேட்கக்கூட ஒருவனுக்கும் தோன்றவில்லை.

சைமா என் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "அண்ணா, கார்ட மாத்திக்கணும். ஆனா ஒருத்தர ஒருத்தர் பாக்கவே கூடாது. அப்படி ஒண்ணு செஞ்சா இன்னா?" என்றாள்.

"எல்லாத்தையும் அடுப்புல போடு, வேல முடிஞ்சிது" என்றேன்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. அந்த வாரமே இளவரசியோடு உட்கார்ந்து செயலி செய்ய ஆரம்பித்துவிட்டாள். வீட்டில் உட்கார்ந்தால் அசீம் கிண்டல் செய்துகொண்டே இருப்பான். அதனால் என் கடையின் பின்னறை, லேமினேஷன் மெஷின் பக்கத்தில். இளவரசி கம்ப்யூட்டரில் கோடிங் எழுதுவாள். அதில் எவன் எப்படித் திருடுவான் என்று யோசிப்பது சைமாவின் வேலை. அவள் ஒரு திருடனாகவே மாறி யோசிப்பதைப் பார்த்தால் பயமாக இருக்கும்.

செயலியில் போன் நம்பர் கிடையாது, விலாசம் கிடையாது, தனியாகப் பேசிக்கொள்ள இடமே கிடையாது. ஒவ்வொரு ஊரிலும் தெரிந்த ஒரு கடை. மாற்றிக்கொள்கிற இருவரும் கார்டை அவரவர் ஊர்க் கடையில் கொடுப்பார்கள். கடைக்காரர் கார்டை விளக்குக்கு அடியில் சாய்த்து ஒரு சின்ன வீடியோ எடுத்துப் போட வேண்டும். அசல் கார்டில் ஒரு மினுமினுப்பு உண்டு, சாய்த்தால் நிறம் ஓடும். போலியில் ஓடாது. இரண்டு கடையும் சரி என்ற பிறகு கடைக்குக் கடை பார்சல் போகும். பிள்ளைகள் தங்கள் ஊர்க் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். உத்திரமேரூருக்கு எந்தக் கடை என்று கேட்காதீர்கள். ஆண்டவன் என்னை அப்படித்தான் சோதித்தான்.

இவ்வளவு இருந்தும் அவளுக்குத் திருப்தியில்லை. ஒருநாள் மத்தியானம் கோயில் பக்கம் போய் வந்தவள், முகமெல்லாம் வெளிச்சமாக வந்தாள். அங்கே கல்வெட்டுக்கு விளக்கம் எழுதி வைத்திருக்கிற பலகையைப் படித்திருக்கிறாள்.

"அண்ணா, ஆறாவதுல கேட்டேனே, அதுக்கு இப்பதான் பதில் கெடச்சிது. தப்பு பண்ணா சொந்தக்காரனுக்கும் சேத்து வெட்டு. அப்பதான் சொந்தக்காரனே அவன அடக்கி வெப்பான்."

"அதுக்கு?"

"புதுசா வர்றவங்களுக்கு ஒருத்தர் ஜாமீன் நிக்கணும். வந்தவன் ஏமாத்துனா ஜாமீன் நின்னவங்களும் வெளிய. ஜென்மத்துக்கும் உள்ள வர முடியாது. அத்தொட்டு அவங்கவங்க வூட்டு ஆளுக்கு அவங்கவங்களே ஜாமீன் நிக்கட்டும். வூட்டு ஆளு மானத்த எவனாவது வாங்குவானா?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். இந்த ஊரில் பாகப்பிரிவினைக்குப் படம் எடுக்கப்போய், அண்ணன் தம்பி மண்டையை உடைத்துக்கொண்டதைப் படம் எடுத்துக்கொண்டு வந்தவன் நான். "அம்மாடி, வெளியாளு ஏமாத்தறதுக்குக் கொஞ்சம் யோசிப்பான். வூட்டு ஆளுதான் தெகிரியமா நாமம் போடுவான்" என்றேன். "அந்தச் சொவத்த எழுதுனவன் அதுக்குத்தான் சொந்தக்காரன மொத்தமாத் தள்ளி வெச்சான். நீ கூப்புட்டு ஒக்கார வெக்கிறியே."

"உனுக்கு எல்லாத்துலயும் கிண்டல்தான். போணா" என்றாள். இளவரசி மட்டும் தட்டச்சை நிறுத்திவிட்டு ஒருமுறை அவளைப் பார்த்தாள். பிறகு அவள் சொன்னபடியே எழுதினாள்.

செயலி ஓடியது. எனக்கே ஆச்சரியம். வாலாஜாபாத்தில் ஒரு ஸ்டேஷனரிக் கடை சேர்ந்தது, பழையசீவரத்தில் ஒரு தையல் கடை, பிறகு செங்கல்பட்டுப் பக்கம் சில. கன்னியப்பன்கூட மனம் மாறிவிட்டார். சைமா மானாம்பதிக்கே போய் அவர் எதிரில் நின்று, "உங்க பொண்ணுக்கு நான் ஜாமீன். அவளுக்கு எதுனா ஆச்சுன்னா என்னக் கேளுங்க" என்று சொன்னாள். பூஜாவுக்குப் போன் திரும்பக் கிடைத்தது.

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு கல்லூரியில் புதிய தொழில் யோசனைகளுக்குப் போட்டி வைத்தார்கள், இவர்களுக்குப் பரிசு வந்தது. நடுவராக வந்த சென்னைக் கம்பெனிக்காரர் ஒருவர், கோட்டுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள், செயலியை ஊர் உலகமெல்லாம் கொண்டுபோகலாம், நான் பணம் போடுகிறேன், சைமாதான் தலைவர் என்றார். சைமாவுக்கு ஒரே ஆசைதான். பூஜாவை மாதிரி இருக்கிற எந்த ஊர்ப் பெண்ணும் பயமில்லாமல் ஒரு படத்தை வாங்கிக்கொள்ள வேண்டும், அதை நடத்துகிறவள் தான் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். அந்தக் கனவு கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்துவிட்டது.

ஊருக்கு உடனே ஞானம் பிறந்தது. கார்டு பைத்தியம் என்றவனெல்லாம் "குடவோலை தந்த மண்ணாச்சே" என்று மீசையைத் தடவினான். விரிசல் விட்ட வளையலையே கண்டுபிடிக்கத் தெரியாத அசீம், தங்கையின் பின்னால் வந்து குழைந்தான்.

"நானும் சேர்றேன் சைமா. ஜாமீன் நில்லு. கூடப் பொறந்தவன் இல்லியா?"

அவனிடம் ஒரு கார்டும் கிடையாது. சைமா கேட்கவும் இல்லை. கூடப் பிறந்தவன் கேட்டால் எதற்கு என்று கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் பெண்களுக்கு இல்லை. ஒரு டஜன் வளையலைத் தட்டித் தட்டிப் பார்க்கிறவள், இதை மட்டும் தட்டிப் பார்க்காமல் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

பிறகு நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். பூஜா வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்த ஒரு கார்டு, ஊதா முடிக்காரன், என் கடைக்கு வந்து சேர்ந்தது. வாலாஜாபாத் கடையிலிருந்து வந்த பார்சல். பூஜா தன்னிடமிருந்த அருமையான கார்டு ஒன்றை அதற்காகக் கொடுத்திருந்தாள். சைமாவும் அன்று கடையில் இருந்தாள். அவளிடமும் அதே ஊதா முடிக்காரன் உண்டு. அவள் சேர்த்ததிலேயே உசத்தி அதுதான், யாருக்கும் தொடக் கொடுக்கமாட்டாள். ஆகவே பூஜாவின் சந்தோஷத்தைப் பார்க்க ஆசையாக நின்றாள்.

பூஜா உறையைப் பிரித்தாள். சிரித்தாள். கார்டை டியூப்லைட்டுக்கு அடியில் சாய்த்தாள். மறுபடி சாய்த்தாள்.

"அக்கா, இது ஓடல."

சைமா வாங்கிப் பார்த்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பளபள தாளில் அடித்து, மேலே மலிவான லேமினேஷன். என் கடையில் அந்த லட்சணத்தில் வேலை பார்த்தால் பையனை அன்றைக்கே துரத்திவிடுவேன். அவள் போனைத் திறந்து அனுப்பியது யார் என்று பார்த்தாள். பார்த்தவள் போனை என் மேசையில் வைத்தாள். நான் எட்டிப் பார்த்தேன். அசீம்.

என் கடையில் கொடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று வாலாஜாபாத்துக்குப் போய்க் கொடுத்திருக்கிறான். அந்தக் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "சாய்ச்சிப் பாத்தியா, இல்லியா?"

"இன்னா வேதகிரி இப்டி கேக்கற? அந்தத் தம்பி, இந்தப் போன் ஆப்பே எங்க வூட்டுதுதான்னு சொல்லிச்சி. அந்தப் பொண்ணோட அண்ணனாம். அப்புறம் நான் எப்டி வீடியோ எடுத்து சோதன போட்டுக்கினு இருப்பேன்? மரியாதயா இருக்குமா?"

மரியாதை. இந்த வட்டாரத்தில் நடந்த அத்தனை அயோக்கியத்தனத்துக்கும் கதவைத் திறந்துவிட்டது இந்த ஒரு வார்த்தைதான்.

பூஜா அழவில்லை. அதுதான் இன்னும் மோசம். "பரவால்லக்கா. அப்பாகிட்ட சொல்லாதீங்க, போன வாங்கிக்குவாரு" என்று மட்டும் சொன்னாள். சைமா அவளை உட்கார வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். வரும்போது தன் ஊதா முடிக்காரனைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள். "இது அசலு. சாச்சிப் பாத்துக்க" என்றாள்.

அடுத்த நாள் காலையில் என் கடை பஞ்சாயத்து மேடை ஆகிவிட்டது. நாஷ்டாகூட சாப்பிடாமல் பாய் வந்துவிட்டார். பின்னாலேயே அசீம், தூக்கம் கலையாத முகத்தோடு. சைமாவும் இளவரசியும் பின்னறையிலிருந்து வந்து நின்றார்கள்.

பாய் என் கையைப் பிடித்தார். "வேதகிரி, ஒரு வார்த்த சொல்லு. உன் கடைல லேமினேஷன் மெஷின்ல மாட்டி வீணாப் போச்சின்னு சொல்லிடு. பொண்ணுக்குத்தான் வேற குடுத்தாச்சே. யாருக்கு இன்னா நஷ்டம்?"

"என் மெஷின்ல மாட்டி வீணாப் போனது இதுவரிக்கும் ஒண்ணுமில்ல பாய். உங்க வூட்ல வீணாப் போனதுக்கு என் மெஷின் இன்னா பண்ணும்?" என்றேன்.

அசீமுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாணா பெருசா பேஜார் பண்ணிக்கினு கீறீங்க? அதுவும் படம், இதுவும் படம். அச்சடிச்சதுதான ரெண்டும்? எவனோ கொரியால அடிச்சா அசலு, நான் அடிச்சா டூப்பா?"

இத்தனை நாளாக நான் சொல்லிக்கொண்டிருந்ததும் ஏறக்குறைய இதுதான். அதே பேச்சு இப்போது இவன் வாயிலிருந்து வந்தது. அந்தப் படம் குப்பை என்று நான் சொல்லலாம், நான் யார் குப்பையையும் திருடவில்லை. ஒரு குழந்தை கொடுத்த கார்டை வாங்கி எவனிடமோ விற்றுத் தின்றுவிட்டு, அது வெறும் படம்தானே என்று தத்துவம் பேசுகிறவனை என்னவென்று சொல்வது?

அந்த நேரம் பார்த்துக் கோட்டுக்காரர் போனில் வந்தார். இளவரசி முந்தின நாளே விஷயத்தைச் சொல்லியிருந்தாள். சைமா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். மனிதர் குரலில் தேன் வடிந்தது.

"இதெல்லாம் சின்ன விஷயம் சைமா. உங்க பிரதர் அக்கவுண்ட்டைத் தூக்கிடுங்க. ஜாமீன் ரூலில் மட்டும் ஒரு வரி சேர்த்துடுங்க, ஆரம்பிச்சவங்களுக்குப் பொருந்தாதுன்னு. நீங்க வெளியே போயிட்டா நான் யாரை நம்பிப் பணம் போடறது?"

"சார், ரூல் எல்லாருக்கும்னுதான் புள்ளைங்க நம்பி வந்துகீறாங்க."

"புள்ளைங்களுக்கு ரூல் எல்லாம் யாரும்மா படிக்கிறாங்க?"

எங்கள் சமூக அறிவியல் வாத்தியாரின் உடன்பிறப்பு போலிருக்கிறது. குடத்தை ஒழுங்காகப் பிடி என்று மட்டும்தான் சொல்லவில்லை.

சைமா போனை வைத்தாள். "இளவரசி, என் பேர எடுத்துடு" என்றாள்.

"என்னால முடியாதுடி. வேணும்னா நீயே எடு."

"சைமா, யோசன பண்ணு கண்ணு" என்றார் பாய். "அவன் ஆம்பளப் புள்ள, ஒரு தப்பு பண்ணிட்டான். நீ எதுக்கு உன் வாய்க்கையக் கெடுத்துக்கற?"

"நான் தப்பு பண்ணலன்னு யாரு சொன்னது அத்தா? ஜாமீன் நின்னேன் இல்ல?"

அவள் இளவரசியின் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினாள். முதலில் அசீம். பிறகு தன் பெயர். இரண்டும் போயின. அவள் நடத்திவந்த பொறுப்பும் இளவரசி பெயருக்குப் போய்விட்டது. பூஜாவுக்கும் இவள்தானே ஜாமீன், அதனால் அந்த இடத்தில் இளவரசியின் பெயரைப் போட்டாள். எழுந்து பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். லேமினேஷன் மெஷினின் சத்தத்தை மீறி அவள் அழுவது கேட்டது. இளவரசி கதவுக்கு வெளியிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் அசீமிடம், "வெளிய போடா" என்றேன். அவன் போகும்போது வாசலில் நின்று தலை சீவிக்கொண்டு போனான்.

கோட்டுக்காரர் அதற்கப்புறம் போன் செய்யவில்லை. ஊரும் பழையபடி ஆகிவிட்டது. "பொழைக்கத் தெரியாதது" என்றார்கள். "கூடப் பொறந்தவனையே காட்டிக் குடுத்தவ, போற வூட்ல இன்னா பண்ணுவாளோ" என்றார்கள். அசீமை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. குடவோலை தந்த மண் அல்லவா.

செயலி மட்டும் நிற்கவில்லை. கோட்டுக்காரரின் பணம் இல்லாவிட்டாலும், தலைவரையே வெளியே தள்ளிய இடம் என்று பிள்ளைகளுக்குள் பேச்சுப் பரவி, அதை நம்பியே இன்னும் பலர் வந்து சேர்ந்தார்கள். இளவரசி முதல் வேலையாக, வீட்டு ஆளுக்கு வீட்டு ஆள் ஜாமீன் நிற்கக் கூடாது என்று விதியை மாற்றினாள். அந்தச் சுவரில் உள்ளபடி. சைமா கடையில் வளையல் விற்றாள், ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு வேலைக்கு எழுதிப்போட்டாள். கார்டுகளைப் பற்றி என்னிடம் பேசுவதே இல்லை.

போன மாதம் வணிகர் சங்க இளைஞர் அணிக்குச் செயலாளராக அசீமைப் போட்டார்கள். குடமும் இல்லை, ஓலையும் இல்லை, நாலு பேர் கை தட்டினார்கள், முடிந்தது. வாழ்த்து பேனர் என்னிடம்தான் வந்தது. 'குடவோலை கண்ட மண்ணின் மைந்தரே' என்று மேலே. கீழே அசீம், வெள்ளைச் சட்டையில், இல்லாத கூட்டத்துக்குக் கும்பிடு போட்டுக்கொண்டு. தொழில் தொழில்தான், அடித்தேன். மை காய்வதற்காக ஸ்டுடியோவுக்குள், படம் எடுக்கிற வெள்ளைத் திரையின் மேலேயே தொங்கவிட்டிருந்தேன்.

அன்றைக்குத்தான் சைமா வந்தாள். ஒரகடத்தில் வேலை கிடைத்துவிட்டது, அடையாள அட்டைக்குப் படம் வேண்டும் என்றாள். பேனரைப் பார்த்தாள்.

என் மேசை டிராயரில் அன்று காலை வந்த பார்சல் ஒன்று இருந்தது. திருப்புளிவனத்துப் பெண் ஒருத்திக்கு வந்தது. ஊதா முடிக்காரன். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். வாய் சும்மா இருந்தால்தானே.

"உன் ஆளு வந்துகிறான்" என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் ஒரு கணம் பழைய முகமானது. "யாருக்கு?"

"வேற பொண்ணுக்கு. பாக்கறியா? பாக்கக் கூடாதுன்னு ரூல் ஒண்ணும் இல்லியே."

அவள் மேசைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "காட்டுணா" என்றாள்.

நான் எடுத்தேன். முனையில் விரல் படாமல், ஓரத்தில் மட்டும் பிடித்து. எப்போதிலிருந்து எனக்கு இந்தப் பழக்கம் வந்தது என்று தெரியவில்லை.

"லைட்டாண்ட சாய்ங்க."

சாய்த்தேன். நிறம் ஓடியது. அவள் கழுத்தை நீட்டி, கையை மட்டும் பின்னாலேயே வைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி பார்த்தாள்.

"அசலுதான்" என்றாள். "அந்தப் பொண்ணு வந்தா பத்தரமாக் குடுத்துடுணா. முனை மடங்காம."

உறைக்குள் போட்டு டிராயரை மூடினேன். அவள் துப்பட்டா முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ப் படம் எடுக்கிற ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் தலைக்குப் பின்னால், வெள்ளைத் திரை தெரியவேண்டிய இடத்தில், அசீம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். நான் போய்ப் பேனரை அவிழ்த்துக் கீழே இழுத்தேன். முகம் உள்பக்கமாக வருகிற மாதிரி சுருட்ட ஆரம்பித்தேன்.

சைமா திரும்பிப் பார்த்துப் பதறினாள். "அண்ணா, சுத்தாதீங்க, மூஞ்சில்லாம் ஒட்டிக்கும். இன்னும் மை காயல."

"தெரியும்" என்று சொல்லி, இறுக்கமாகச் சுருட்டி மூலையில் சாத்தினேன்.